ஆளுக்கொரு நாய்

இரண்டு நாய்களோடு ஒரே பாயில் படுத்தவர்களுக்குத் தெரியும், அதில் மனுசருக்குக் கிடைப்பது ஓரம் மட்டும்தான். எனக்கு அப்போது ஏழு வயது. கோச்சடையில், வைகைக்கரையை ஒட்டி எங்கள் வீடு. வெள்ளைக் கடுவனுக்குத் துரை என்று பெயர். அய்யா வேலை பார்த்த மில்லின் துரைக்கு இருந்த அதே நிறம், அதே முறைப்பு. பேருக்கு ஏற்ற மாதிரி பாயின் நடுவில் காலை நீட்டிப் படுப்பார். இன்னொன்று செவலை, பெட்டை. கனவில் முயலை விரட்டிக்கொண்டு என் விலாவில் உதைக்கும். அது விடும் காற்றுக்குக் கொசுகூட அண்டாது.

அதற்கு முன்பெல்லாம் நான் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அந்த மாசியில் அவள் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய், முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் போட்டார்கள். தட்டு தனி, செம்பு தனி.

"ஆத்தாளுக்கு இருமல். கிட்டப் போன, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றாள் அத்தை, அய்யாவின் அக்கா. அந்த இருமல் ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அதனால் ஆத்தா என்னை விலக்கி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நாய்களைப் பாய்க்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு மாசத்துல ஒனக்கும் வாலு மொளைக்கும் பாரு" என்றாள் அத்தை.

"மொளைச்சா ஈ ஓட்டிக்கிறேன்."

"விடுக்கா. பிள்ளைக்கு அணைச்சுக்க ஏதாச்சும் வேணும்ல" என்றார் அய்யா.

ஒருநாள் காலையில் கண் விழித்தால் பாயில் தாராளமாக இடம் இருந்தது. செவலையைக் காணோம். தேடிப் போனேன். ஆத்தாவின் கட்டிலில், அவள் அக்குளுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு கிடந்தது. ஆத்தாவின் கை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதற்கு வாலை ஆட்டியதோடு சரி.

"அங்கனயே நில்லுடி" என்றாள் ஆத்தா. "இது இங்க இருக்கட்டும். ஒனக்குத்தேன் துரை இருக்காருல்ல. ஆளுக்கு ஒண்ணு."

"நாயைத் தொடுவ. என்னையத் தொட மாட்டியா?"

ஆத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தின்றேன், தின்றுகொண்டே யோசித்தேன். அடுப்படிப் பானையிலிருந்து நெத்திலிக் கருவாடு ஒரு கை அள்ளி, பாயில், பாவாடையில், கழுத்தில் என்று அரக்கித் தேய்த்துக்கொண்டேன். விளக்கு வைத்ததும் செவலை வந்துவிட்டது. துரை என் காது தேய்கிற அளவுக்கு நக்கினார். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆத்தா கூப்பிட்டாள். "செவலை... இந்தா, வா தாயி." குரல் எழும்பவில்லை. செவலை காதை நிமிர்த்திக்கொண்டு எழப் பார்த்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்து, வாயில் ஒரு துண்டுக் கருவாட்டைத் திணித்தேன்.

நாலு நாள் இதே கதை. ஒவ்வொரு நாளும் அவள் கூப்பிட்டாள். ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நன்றாகத் தூங்கினேன்.

விடிந்தபோது முற்றம் நிறையப் பொம்பளைகள். நடுவில் ஆத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தையே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"போ தாயி. ஒங்காத்தாளத் தொட்டுக்க. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் தொட மாட்டேன். அவளுக்குச் செவலைதேன் வேணும். அதைக் கூப்பிடுங்க" என்றேன்.

கூடியிருந்தவர்கள் ஓவென்று அழுதார்கள். அய்யா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். என் பக்கத்து நியாயம் ஒருவழியாக எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.