மலை மந்திருக்குப் போன கம்ப்யூட்டர்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அலுவலகத்து சர்வர் அறை உமாமகேஸ்வரியின் பொறுப்பு. அந்த அறைக்கு இன்டர்நெட் கிடையாது. பாதுகாப்பாம். உள்ளே இருக்கும் சர்வர்களுக்கு எந்த மென்பொருள் வேண்டுமானாலும் இவள் வெளியே டவுன்லோடு செய்து, ஹார்ட் டிஸ்கில் சுமந்துபோக வேண்டும். ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டால், துணைக்கு இன்னொன்று வந்தால்தான் உட்காருவேன் என்று சம்பந்தி வீட்டார் மாதிரி அது முரண்டு பிடிக்கும். மறுபடி வெளியே ஓடுவாள்.

மதுரையில் அவள் மகள் மானசாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. லீவு கேட்டால் அதிகாரி ராமமூர்த்தி, "சர்வரை யார் பாக்கறது?" என்பார். மனுஷருக்கு வேறு பதிலே தெரியாது.

"உள்ளயே ஒரு மிரர் வச்சுர்றேன் சார். எல்லா மென்பொருள் பேக்கேஜும் மொத்தமா அதுல இருக்கும். வேணுங்கிறத சர்வரே எடுத்துக்கிரும்" என்றாள் உமா.

அவர் சம்மதித்தார். வாசல் காவலர் சம்மதிக்கவில்லை. டிஸ்க் உள்ளே போகுமுன் வாசலில் இருக்கும் கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை ஆக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸோ அந்த வாரம்தான் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க ஒரு டிஸ்க் வர வேண்டும். அந்த டிஸ்கையும் அதே கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. காவலருக்குச் சுற்றவில்லை.

ராமமூர்த்திதான் அபூர்வமாக மூளையைப் பயன்படுத்தினார். "புது மெஷினுக்கு சோதனை கிடையாதே மேடம். ஸ்டோர்ல ஒண்ணு இருக்கு. அதுலயே நிரப்பிக் கொண்டுபோங்க."

ஒவ்வொரு பேக்கேஜும் அசல்தானா என்று சரிபார்த்து அவள் இறக்கி முடிக்கும்வரை எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் இன்டர்நெட் நகரவில்லை. சீரியல் பார்க்க முடியாத ஆத்திரத்தில் நானே அவளை வைதேன்.

ஒருவழியாக மெஷினை வாசலுக்குக் கொண்டுபோனோம். "டப்பா குலா ஹை மேடம். நயா நஹீ ஹை" என்றார் காவலர். பெட்டி திறந்திருந்தால் அது பழசு.

ஆனால் உமா அன்று காலையே அதை ஆட்டோவில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் வந்திருந்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்கு மானசாவின் நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனையும் முடித்திருந்தாள். பெட்டியை விரித்துக் காட்டினாள். மெஷின் நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், கழுத்தில்லாத குறைக்கு மேலே சுற்றிய மல்லிகை.

"பூஜா கே லியே கோலா, பையா." பூஜைக்காகத்தான் பெட்டியைத் திறந்தாளாம்.

பழைய மெஷினுக்கு யார் பூஜை போடுவார்கள்? காவலர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அச்சா, ஜாயியே" என்று உள்ளே விட்டார்.

அன்றே சர்வர்கள் கேட்டதெல்லாம் கிடைத்து அடங்கிப்போயின. ராமமூர்த்தி லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "நிம்மதியா போயிட்டு வாங்க. இனி நீங்க இல்லாட்டியும் ஓடும்."

இதற்குத்தானே அவள் இத்தனை பாடுபட்டாள்? ஆனால் எங்கள் வீடுகள் இருக்கும் லக்ஷ்மிபாய் நகருக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"இத்தன வருசம் உழைச்சேன்க்கா. நான் இல்லாட்டியும் ஓடுமாம்."

அவளுக்காக எனக்கும் கோபம் வந்தது. ராமமூர்த்தியைத் திட்ட வாயெடுத்தேன், அதற்குள் அவள் போன் அடித்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மானசா.

"ஜல்தி வாம்மா. இங்க டாக்டர், மாமியார் எல்லாரும் இருக்காங்க. ஆனா நீ இல்லாம என்னால முடியாது."

உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவை ஏர்போர்ட்டுக்குத் திருப்பச் சொன்னாள். ரயில் டிக்கெட் நாளைக்கு, பெட்டி வீட்டில் கிடக்கிறது என்று நான் கத்தியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.