பின்வரிசையில் நின்ற குரல்

தொழிற்சாலை கேண்டீனில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரான்சிஸ் அண்ணன் போனில் அழைத்தார். "ஸ்டெல்லா, மார்லீஸ் போய்ட்டாங்கம்மா. அடக்கத்துக்கு நீதான் வந்து பாடணும்." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பெர்மாஸ் ஜெயா கோயில் பாடற்குழு நண்பர்களே, மார்லீஸ் அக்காவைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரான்சிஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் என்பதற்குமேல், அவர் நம் குழுவில் சேர்ந்தபோது நமக்கு ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார். முன்னால் கூப்பிட்டால், "அங்க நின்னா என் குரல்தான் எனக்குக் கேக்கும். இங்க நின்னா உங்க எல்லாரோடதும் கேக்குதுலா" என்பார்.

அந்த டிசம்பரில் வீடு வீடாகக் கீதம் பாடப் போனோமே, அடுக்குமாடியில் கதவைத் திறந்த வெள்ளைக்காரர் அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்திரியாவில் ஒரு மலையூரில் அப்பாவின் விடுதிக்கு வந்தவர்களுக்குப் பாடத் தொடங்கிய பெண். முதல் பாட்டிலேயே நாடு முழுக்க வானொலியில் ஒலித்தவர். அவர் மேடையேறினால் பெரிய அரங்கிலும் இடம் கிடைக்காதாம். புகழ் உச்சியில் இருந்தபோது போதும் என்று இறங்கி வந்திருக்கிறார். நாமோ அவர் கையில் முறுக்கு டின்னைத் தூக்கக் கொடுத்திருந்தோம்.

உடனே நம் குழுவை நடத்தும் சேவியர் மாஸ்டர், பாலோ ஊர்ச் சிற்றாலயத்தில் கிறிஸ்துமஸ் காலைத் தனிப்பாடலை அக்காவே பாடட்டும் என்றார். அது நான் பாட வேண்டியது, என் முதல் தனிப்பாடல். பாலோ என் அம்மா பிறந்த ஊர், சொந்தமெல்லாம் வந்து உட்காரும். வாய் சரி என்றது, வயிறு எரிந்தது. அக்கா தலையாட்டி மறுத்தார். "அலமாக், ஐயோ, அது ஸ்டெல்லா பாட்டு. நான் பின்னாடிதான்."

கிறிஸ்துமஸ் காலையில், இரண்டாம் சரணத்தில் என் குரல் நின்றுபோனது. ஆர்கன் காத்திருந்தது. அப்போது பின்னாலிருந்து, நம் குழுவுக்கு மட்டும் கேட்கும் அளவில், நான் தொடங்க வேண்டிய சுரம் மெல்ல வந்தது. அரங்கை நிறைத்த ஒரு குரலை அத்தனை சின்னதாக்க முடியுமா? அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தேன். வெளியே என் பெரியம்மா அக்காவிடம், நீங்கள் ஏன் பாடவில்லை என்று கேட்டார். அக்கா சிரித்தபடி என் தோளைத் தட்டினார்.

அக்காவின் அடக்கத் திருப்பலியில், அண்ணன் கேட்டதால், அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டையே பாடினேன். அதே சரணத்தில் மறுபடி குரல் நின்றது. யாரும் சொல்லிவைக்கவில்லை, நீங்கள் எல்லாரும் மெல்ல அந்தச் சுரத்தை எடுத்தீர்கள்.

அவரைப் புகழேற்றிய பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு சுரம் என்னிடம் இருக்கிறது. இந்த ஞாயிறு முதல் கடைசி வரிசையில், அவர் இடத்தில், நான் நிற்கிறேன்.