அமிர்தநாயகத்தின் செவ்வாய்க்கிழமைகள்

கடற்கரைக் கிராமமான தாழ்வுபாட்டில் படகு இன்ஜின் திருத்தும் அமிர்தநாயகத்துக்கு நாற்பத்தாறு வயது. உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது ஆறு வருடமாகத் தெரியும். அதைவிடப் பெரிய வியாதி தன் பொய்தான் என்று அவரே சிரித்துக்கொள்வார். கருவாடு போடும் ஜூலியட்டோடு கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கலியாண அறிவிப்பான ஓலையும் கூறியாகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. அதற்குள் சொல்லியே ஆகவேண்டும், வாய்தான் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய் கிளினிக். ஜூலியட் கேட்டால் முதலில் பல்லுக்கொதி என்றார். அவள் பல்லை விசாரிக்கத் தொடங்கியதும் காணிக் கந்தோரில் பத்திர அலுவல். கந்தோரில் அவளுடைய மச்சாள் வேலை செய்வது தெரிந்ததும் இன்ஜின் சாமான்.

கிளினிக்கில் தாதி தர்ஷிகா ஒருநாள் விளக்கினாள்.

"உடம்பு கிருமியின்ர மேல்சட்டையைப் பாத்துத்தான் அதைப் பிடிக்கப் பழகும். கிருமி பெருகேக்க பிழை விடும், அதில சிலதுக்குச் சட்டை மாறிப்போகும். பிடிபடாததுகள் தப்பிப் பெருகும். உடம்பு பழைய சட்டையைத் தேடிக்கொண்டு திரியும்."

"அப்ப பிடிக்கவே ஏலாதோ, மிஸ்?"

"கிருமி எங்கட உடம்புச் செல்லில தொத்துற இடத்தைப் பெரிசா மாத்தேலாது, மாத்தினா அதுக்கே பிழைப்பில்லை. கொஞ்சப் பேரின்ர உடம்பு அந்த இடத்தில பிடிக்கும். நீங்கள் குளிசை மருந்தை விடாதேங்கோ."

கிருமிக்குச் சட்டை மாற்றத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தது போல அவருக்கு வெட்கமாகிவிட்டது.

இந்தச் செவ்வாய் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜூலியட் வந்துவிட்டாள். "அந்தோனியாருக்கு நேர்த்தி" என்றார். வாழ்நாளின் சிறந்த பொய் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பக்தியுள்ள பெண்ணிடம் நேர்த்தியைச் சொல்லக்கூடாது என்ற அறிவு பிந்தித்தான் வந்தது.

"பொறுங்கோ, நானும் வாறன்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள்: "அந்தோனியாருக்கு எல்லாச் செவ்வாயும்தான் விசேஷம். உங்களுக்கு மட்டும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. பல்லெண்டியள், கந்தோரெண்டியள், சாமானெண்டியள். பொய்தான் மாறினது, நாள் மாறேல்லை. எங்க போறியள்?"

வேறு பொய் கைவசம் இல்லை. குரலைத் தாழ்த்தி, வியாதி, கிளினிக், தாதி மிஸ் விளக்கியது எல்லாவற்றையும் சொன்னார். குளிசையால் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது, குளிசையை விடாதவரை அவளுக்குத் தொற்றாது என்பதையும் சொன்னார்.

ஜூலியட் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். கண் கலங்கியிருந்தது.

"அந்த மிஸ் இண்டைக்கு நிப்பாவோ?"

"ஓம். அப்ப... ஞாயிற்றுக்கிழமை ஓலை?"

"முதல் அவவிட்ட நான் கேக்கவேண்டியதைக் கேக்கிறன்."

ஆஸ்பத்திரி பஸ் தரிப்பு நெருங்கியது. அவர் எழும்பத் தயங்க, மணியை அடித்துவிட்டு முதலில் இறங்கியது ஜூலியட்தான்.