பாடாங் பெசாரில் நீட்டிய பெருவிரல்

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில், பினாங்கிலிருந்து சயாம் தேசத்து ஹாட்யாய் ஊருக்குப் புறப்பட்டேன். என் ஒரே மகள் தனலட்சுமிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டும். அதற்காகப் போனேன். அந்தப் பாதையில் போக நினைக்கிறவர்களுக்கு நேரமும் செலவும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப்போல் சிறைக்குப் போய்வந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பதால், அவர்களுக்கும் சேர்த்தே.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சண்டை. என் குடியைப் பற்றி மைத்துனன் கதிர்வேலு நாலு வார்த்தை கேட்டான். நாலும் நியாயமான வார்த்தைகள். கையிலிருந்த குடையை ஓங்கினேன். கம்பி அவன் வலது கண்ணில் ஏறிவிட்டது. இரண்டு வருடம் சிறை, வெளியே வந்தபின் இரண்டு வருடம் போலீஸ் கண்காணிப்பு. நான் உள்ளே இருக்கும்போதே என் மனைவி செண்பகம், பதின்மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி கதிர்வேலுவோடு ஹாட்யாய்க்குப் போய்விட்டாள். அங்கே அவனுக்குத் துணிக்கடை. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

தை மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்தே வரி. மாப்பிள்ளை சிங்கோராவில் கடை வைத்திருக்கும் குடும்பம், நாள் இன்னது, நேரம் இன்னது. ‘வர முடிந்தால் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் தம்பி தாரை வார்ப்பான். உங்களைப் பற்றிச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. பினாங்கில் கிட்டங்கியில் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.’ கிட்டங்கியில் வேலை என்பது பொய்யில்லை. இன்றும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் படுத்து எழுந்திருக்கிறேன்.

கண்காணிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மாதம் பிறந்தால் முதல் தேதி போலீஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். மேசைக்கு முன்னால் நின்று ‘ராமசாமி மகன் குப்புசாமி, நம்பர் இன்னது, ஆஜர்’ என்று மலாயில் சொல்லவேண்டும். இடது கைப் பெருவிரலை நீட்டினால் அவர்கள் பிடித்து மையில் உருட்டி, புத்தகத்தில் உருட்டி, போ என்பார்கள். என் அப்பா ஒரு வம்புக்கும் போகாத மனுஷன். செத்துப் பதினைந்து வருடம் கழித்து அவரையும் மாதாமாதம் அங்கே இழுத்துக்கொண்டு போனேன். இருபத்து நான்கு தடவை. ஐப்பசியோடு அது முடிந்தது.

சயாமுக்குப் போகப் புகைப்படம் ஒட்டிய பயணச் சான்று வேண்டும். எனக்குக் கிடைக்குமா என்று நாலு நாள் தூக்கமில்லை. கிடைத்தது. எழுதிக் கொடுத்த குமாஸ்தா நம்மவர்தான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் குற்றத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

“என்ன தேடுற?” என்றார் அவர். “அதெல்லாம் முடிஞ்சு போச்சுலா. கேட்டா சொல்லு. கேக்காட்டி வாயத் தொறக்காத.”

இதைவிட நல்ல புத்தி எனக்கு யாரும் சொன்னதில்லை.

பயணத்துக்கு வருவோம். பினாங்கில் ரயில் நிலையம் உண்டு, மணிக்கூண்டு உண்டு, டிக்கெட்டும் கொடுப்பார்கள். ரயில்தான் கிடையாது. அங்கே டிக்கெட் வாங்கிப் படகில் ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் போனால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் வகுப்பு, எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை இரண்டு வெள்ளி அறுபது காசு, படகுக் கூலி அதிலேயே அடக்கம். காலை ஏழே முக்காலுக்குப் படகு. அரை மணி நேரம். ரயில் எட்டரைக்கு.

படகில் எல்லோரும் யாருக்காவது கையசைத்தார்கள். எனக்கு வழியனுப்ப யாரும் வரவில்லை, வருவதற்கு ஆளும் இல்லை. மடியில் ஒரு துணி மூட்டை. அதில் மகளுக்கு வாங்கிய அரக்குநிறப் பட்டுச் சேலை. நாலு வருடத்தில் அவள் எவ்வளவு உயரம் ஆகியிருப்பாள் என்று தெரியாது. நல்லவேளை, சேலைக்கு அளவு கேட்கமாட்டார்கள்.

பிறையிலிருந்து எல்லைக்கு நூற்றைந்து மைல் சொச்சம். தாசேக் கெலுகோர் தாண்டும்வரை ரப்பர் மரங்கள், அப்புறம் கெடா முழுக்க வயல். அலோர் ஸ்டாரில் பதினைந்து நிமிடம் நிற்கும். வாழைப்பழம் சீப்பு ஐந்து காசு. சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. பிளாட்பாரத்தில் விற்கிற சோற்றை நான் வாங்கவில்லை, வாங்கியவர் முகத்தைப் பார்த்தேன்.

வாங்கியவர் எதிர் இருக்கையில் இருந்த பாய். ஹாட்யாய் கடைகளுக்குக் கைலி கொண்டுபோகிறவர், ஐம்பது வயதிருக்கும். மகளுக்குக் கல்யாணம் என்றதும் அவருக்குச் சந்தோஷம். கதிர்வேலுவின் கடையை அவருக்குத் தெரியும். கல்யாணப் பெண்ணின் அப்பா ஏன் முதல்நாள் தனியாகப் போகிறார் என்று கேட்டார். வேலை என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. எல்லையில் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்வது, கேட்காவிட்டால் வாய் திறப்பதில்லை. நூறு மைலும் இதே பாடம்.

பாடாங் பெசாரில் பகல் ஒன்றேகாலுக்கு இறங்கினோம். ரயில் அங்கே முக்கால் மணி நேரம் நிற்கும். மூன்றாம் வகுப்புக்காரர்கள் பெட்டி பெட்டியாக இறங்கி வரிசையில் நின்று காகிதத்தைக் காட்டவேண்டும். பாய் முதலில் போய் முடித்துவிட்டு வந்தார். என் மூட்டையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்துவிட்டுப் போனேன்.

வரிசை வேகமாக நகர்ந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி, வயதானவர். காகிதத்தை வாங்குவார், முத்திரை குத்துவார், கொடுப்பார். எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்தார். மேசை தெரிந்தது. மைப்பெட்டி, தடித்த புத்தகம், தலை நிமிராத ஒரு மனிதர். அவர் கையை நீட்டினார்.

அவர் கேட்டது காகிதம். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். நிமிர்ந்து நின்றேன். ‘ராமசாமி மகன் குப்புசாமி’ என்று ஆரம்பித்து, நம்பரையும் சொல்லி, ஆஜர் என்று முடித்து, இடது கைப் பெருவிரலை அவர் கையில் வைத்தேன்.

அவர் என் விரலைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். காதில் விழுந்ததை விழாததாக்க முடியுமா? கண்காணிப்பில் இருப்பவன் எல்லையைத் தாண்டக்கூடாது. முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்கிறேன், காகிதம் சொல்லவில்லை. பினாங்குக்குத் தந்தி அடித்துக் கேட்கவேண்டும், பதில் வரும்வரை இங்கேயே இரு என்றார். எப்போது வரும் என்றேன். இன்று வந்தாலும் வரும், நாளை வந்தாலும் வரும் என்றார்.

ரயில் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு போலீஸ்காரரோடு பெட்டி ஜன்னலுக்குப் போனேன். பாய் மூட்டையை எடுத்து நீட்டினார். வேண்டாம், என் மகளிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். பிறகு, எதற்காக என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் கேட்காமல், ஒத்திகையும் இல்லாமல் சொன்னேன். அவர் மூட்டையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்குக் காய்ச்சல்” என்றார். “எல்லையில படுத்துட்டீங்க. நான் அப்படித்தான் சொல்லுவேன்.”

அன்று முழுக்கப் பதில் வரவில்லை. நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் படுக்கவிட்டார்கள். யாரும் காவலுக்கு இல்லை. ஓடுவேன் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

விடிந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சயாம் நேரம் நம் நேரத்துக்கு இருபது நிமிடம் பின்னால். நீங்கள் போகும்போது கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துவிடாதீர்கள். நான் வைக்கவில்லை, மனதிலேயே கழித்துக்கொண்டேன். என் கடிகாரத்தில் ஒன்பது ஆனபோது, அங்கே எட்டு நாற்பது, இன்னும் முடிந்திருக்காது, இருபது நிமிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஹாட்யாய் இருபத்தெட்டு மைல். இருபது நிமிடத்தில் எந்த ரயிலாலும் போகமுடியாது. ஆனாலும் ஒன்பது இருபது வரைக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அவ்வளவு தனியாகச் சிறையில்கூட நான் இருந்ததில்லை. அங்கே பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டாவது இருப்பார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தந்தி வந்தது. தடை ஒன்றுமில்லை. அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, நான் உன்னை எதுவும் கேட்கவில்லையே, ஏன் சொன்னாய் என்றார். தெரியவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்று நாற்பதுக்கு சரக்கும் ஆளும் சேர்ந்து போகிற வண்டி. கட்டணம் சயாம் காசில் அறுபது சத்தாங். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஹாட்யாய். கடைத்தெரு, நிலையத்திலிருந்து அரை மைல்தான், வண்டி வைக்கவேண்டாம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்த வீடு ஒன்றே ஒன்று.

பந்தல் காலியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு இரண்டு மணி ரயிலில் சிங்கோராவுக்குப் போய்விட்டார்கள். கதிர்வேலு மட்டும் பந்திப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இடது கண்ணால்தான் என்னைப் பார்த்தான். பார்த்ததும் பாயைத் திரும்ப விரித்தான். செண்பகம் உள்ளிருந்து வந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் இலை போட்டாள். காய்ச்சல் என்று பாய் வந்து சொன்னாராம், அதை இவர்கள் இருவரும் நம்பவில்லையாம். நடந்ததைச் சொன்னேன். செண்பகம் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு என் இடது கையைப் பார்த்தாள்.

“நீதானே தாரை வார்த்தே?” என்று கதிர்வேலுவைக் கேட்டேன்.

“கைதான் என்னுது மச்சான்” என்றான். “ஐயரு பேரு கேட்டாரு. ராமசாமி பேத்தி, குப்புசாமி மகள் தனலட்சுமின்னு சொன்னேன். மூணு தடவ சத்தமாச் சொல்லச் சொன்னாரு. சொன்னேன்.”

சோற்றில் கை வைத்தபடியே அழுதேன். அவன் என் பக்கம் திரும்பாமல் வாழைமரத்தை அவிழ்க்கப் போனான்.

மகள் அந்த அரக்குநிறச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனாள் என்று செண்பகம் பிறகு சொன்னாள். தாலி கட்டி முடிகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சிங்கோரா பதினெட்டு மைல்தான், காலையில் ஒரு வண்டி இருக்கிறது என்றேன். “இப்ப வேணாங்க” என்றாள். “காய்ச்சக்காரரு மறுநாளே எப்படி வந்தாருன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும்.” அவள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டேன்.

பாடாங் பெசாரில் அதே அதிகாரி. செருப்போடு நின்று காகிதத்தைக் கொடுத்தேன். குத்திக்கொண்டே, கல்யாணம் நன்றாக நடந்ததா என்றார். நடந்தது என்றேன்.

போகிறவர்களுக்கு: சான்றுக்கு மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். கண்காணிப்பு முடிந்தவர்கள், முடிந்தது என்று எழுத்தில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அது தோன்றவில்லை. விசேஷத்துக்குப் போனால் இரண்டு நாள் முன்கூட்டியே போங்கள். எல்லையில் வரிசையில் நிற்கும்போது வலது கையில் காகிதம் இருக்கட்டும். மூட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள், இடது கையில் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். என் இடது கை அன்று சும்மா இருந்தது.