மதிலோரத்தில் ரீட்டா அக்காவின் தகப்பன்

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு டோர்ட்மண்டிலிருந்து புறப்பட்டோம். கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றுக்குப் பயணம், கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். காரை ஓட்டியவர் சிவம் அண்ணை, பக்கத்தில் அவருடைய மனைவி ரீட்டா அக்கா. பின்னால் நானும் ஒரு தட்டு நிறையப் பூச்செடிகளும். வளைவுகளில் செடியைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

ரீட்டா அக்கா ஜேர்மன் தாய்க்கும் அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய்க்கும் பிறந்து, பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர். சிவம் அண்ணையைக் கட்டிய நாளிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார். எங்களையே வாயடைக்க வைப்பார். தகப்பனின் பெயர் மட்டும் எழுபது வயது வரை தெரியாது. போன கோடையில் மகளின் தொல்லை தாங்காமல் எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப, அமெரிக்காவில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அகப்பட்டாள். அவள் சொல்லித்தான் தெரிந்தது, தகப்பன் ஊர் திரும்பவே இல்லையென்று. படையை விட்டபின் இங்கேயே லொறி ஓட்டி, தனியாக இருந்து, இங்கேயே செத்திருக்கிறார். மூன்றரை மணிநேரத் தூரத்தில், பாவி மனுசன்!

இலையுதிர்காலத்தில் அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதனால் சிவம் அண்ணை தனியே போய்க் கல்லறையைத் தேடிப்பிடித்து, பற்றைகளை வெட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். அக்காவுக்கு இன்றுதான் முதல் முறை.

கோப்லென்ஸ் தாண்டி ஓய்விடத்தில் நிறுத்தினோம். கழிப்பறைக்கு ஒரு யூரோ. போகாமல் அடக்கவும் வயது விடவில்லை. அக்கா கோப்பியைத் தொடவில்லை.

"அவரை என்னெண்டு கூப்பிடுறது? அப்பா எண்டா அவருக்கு விளங்குமோ?" என்றார்.

"உம்மட தமிழ் எனக்கே விளங்காது, அவருக்கு எங்க விளங்கப்போகுது!" என்றார் அண்ணை. அக்கா அவர் தோளில் ஒன்று போட்டார்.

பத்து மணி தாண்டி இடுகாட்டை அடைந்தோம். வாசலருகே ஜேர்மன்காரரின் கல்லறைகள், வீட்டு முற்றம்போலத் துப்புரவு. நீர் ஊற்றும் வாளிகள்கூட வரிசையாகத் தொங்கின. கறுப்பு அமெரிக்கர்களின் பகுதி கடைசி மதிலோரம், உரக்குவியலுக்குப் பின்னால். அந்த நாளில் சிப்பாய்களுக்குள்ளேயே கறுப்பருக்கு வேறு மதுக்கடை, வெள்ளையருக்கு வேறு மதுக்கடை. செத்த பிறகு இங்கேயே நின்றுவிட்டவர்களுக்கு இந்த மூலை. யாரும் சட்டம் போடவில்லையாம், இடம் அப்படித்தான் அமைந்ததாம். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. சாய்ந்த கற்களில் பாசி. பெயர்களை விரலால் தடவித்தான் வாசிக்க முடிந்தது.

சிவம் அண்ணை விறுவிறென்று முன்னால் போனார். போனவர் நின்றுவிட்டார். அவர் நின்ற இடத்தில் கல் இல்லை. புதிதாக விதைத்த புல், மெல்லிய பச்சையாக முளைத்திருந்தது.

"இஞ்சதான்... இந்த மதிலடியிலதான்..." என்று அங்குமிங்கும் நடந்தார்.

நான் அலுவலகத்துக்கு ஓடி, அங்கிருந்த பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: இங்கே கல்லறை நிலம் குத்தகைக்குத்தான். தவணை முடிந்தால் கல்லில் மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டுவோம், உறவினர் எங்களோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று. ஜனவரி முடியும்வரை காத்திருந்தோம், யாரும் வரவில்லை. கல்லை எடுத்து உடைக்கக் கொடுத்துவிட்டோம். மனிதர் கீழேதான் இருக்கிறார், அவரை நாங்கள் தொடவில்லை. ஆனால் இந்த மூலைக்குச் சரியான வரைபடம் எங்களிடம் இல்லை.

சிவம் அண்ணையின் முகம் செத்துப்போனது.

"மஞ்சள் ஒட்டுத்தாளோ? அதை நான்தான் உரிச்சனான்," என்றார். "றோட்டில கைவிட்ட காருக்கு ஒட்டுற மாதிரிக் கிடந்தது. செத்த மனுசன்ர நெத்தியில இப்பிடி ஒட்டுவினமோ எண்டு கோவம் வந்தது. வாசிக்கக்கூட நிக்காமல் சவர்க்காரம் போட்டுச் சுரண்டினனான். எங்கட ஆக்கள் எல்லாரையும் இஞ்ச எரிக்கிறதைத்தானே கண்டனான். தாட்ட நிலத்துக்கும் வாடகை எண்டு ஆர் கண்டது?"

அவர்மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் உரித்திருப்பேன்.

"இஞ்சாருங்கோ," என்றார் ரீட்டா அக்கா. குரல் உயரவில்லை. "எந்த இடம் எண்டாவது காட்டுங்கோ."

அண்ணை குனிந்தார், மதிலைப் பார்த்தார், நான்கு எட்டு வைத்தார், திரும்பி வந்தார். "ஏலாதப்பா," என்று தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டார்.

செடிகளை எங்கே நடுவதென்று தெரியவில்லை. மழை தூறத் தொடங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் புல்லில் கால் வைக்காமல், ஓரத்திலேயே நின்றார். எங்கே மிதித்தாலும் தகப்பன்மேல் பட்டுவிடும் என்ற பயம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் ஆளில்லாமக் கிடந்தார், கல்லு நிண்டது," என்றார். "நாங்கள் ஆளெண்டு வந்தம். கல்லும் போச்சு."