அறிவித்தலில் இல்லாத பெயர்

தகப்பனின் கண்ணெதிரே ஒரு மகளை நான் பொய்க்காரி ஆக்கினேன். "இல்லை" என்ற ஒரே சொல்லால் ஆக்கினேன். அந்தச் சொல்லை இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன். என்னைத் தெரிந்தவர்களிடம் சொல்லும் நெஞ்சுரம் எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

என் தொழில் விளம்பரம். கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தது, மாணவியாக இருந்தபோது ஒரு குறும்படத்துக்காக நான் செய்த சுவரொட்டி. நேர்முகத் தேர்வில் அதைத்தான் மேசையில் விரித்து வைத்தேன். அதிலிருந்த முகத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படத்தின் கதை எளியது. வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் தனியே வாழும் முதியவர் இறந்துபோகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. என் வகுப்புத் தோழன் ரமணன் இயக்கினான். படத்தைப் பத்துப் பேர் அறியச் செய்யும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதியவராக நடித்தவர் கொட்டாஞ்சேனைச் சூசைப்பிள்ளை. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தங்கை பிலோமினாவோடு ஓர் ஒடுங்கிய சந்தில் குடியிருந்தார். மாதா கோயில் நாடகங்களில் ஏரோது மன்னன் வேடம் கட்டியவர் என்பதால் குரல் கணீரென்று இருக்கும். படத்திலும் அவருக்குச் சூசைப்பிள்ளை என்றே பெயர் வைத்தோம். வேறு பெயரால் அழைத்தால், காட்சியின் நடுவே, "ஆரைக் கூப்பிடுறீங்கள்?" என்று திரும்பிக் கேட்டுவிடுவார்.

என்னை "மகள்" என்றே அழைத்தார். எங்கள் பெரியவர்கள் எல்லா இளம் பெண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். அதில் விசேடம் எதுவும் இல்லை. ஒருநாள் படப்பிடிப்பின் இடைவேளையில், "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையோ அங்கிள்?" என்று கேட்டேன்.

"இல்லை மகள்," என்றார்.

அந்தப் பதிலை நான் அப்படியே நம்பினேன். நம்பினேனா... நம்புவது வசதியாக இருந்ததா? இதைப் பிறகு பல தடவை என்னிடமே கேட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிச் சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரியூஷன் வகுப்பு விளம்பரத்தின் மேல் ஒரு மரண அறிவித்தல், அதன் மேல் லொட்ஜ் விளம்பரம், அதன் மேல் இன்னொரு மரண அறிவித்தல். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேறு எதை வாசிக்காவிட்டாலும் மரண அறிவித்தலை வாசிப்பார்கள். தெரிந்த முகமா என்று பார்ப்பார்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வரிசையாக வரும் பெயர்களில் தம் ஊரார் எவரேனும் உண்டா என்று தேடுவார்கள்.

எங்கள் சுவரொட்டியும் ஒரு மரண அறிவித்தலாகவே இருக்கட்டும் என்றேன். ரமணன் துள்ளி எழுந்தான். சூசை அங்கிளோ வாய்விட்டுச் சிரித்தார். "என்ர நோட்டீஸை நானே பார்க்கக் குடுத்து வைச்சிருக்கு," என்று சொல்லி, வெள்ளைச் சேட்டு அணிந்த படம் ஒன்றைத் தாமே தேர்ந்து தந்தார்.

மேலே சிலுவை. நடுவே அவர் முகம். "காலஞ்சென்ற திரேசம்மாவின் அன்புக் கணவரும், பிலோமினாவின் அன்புச் சகோதரருமாவார்." பிள்ளைகளின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். தகவலுக்கு என்று என் கைபேசி இலக்கம். அடியில் கறுப்புப் பட்டியில் படத்தின் பெயரும் திரையிடும் மண்டபமும். இப்படித்தான் அவருக்குக் காட்டினோம். இதற்குத்தான் அவர் சம்மதித்தார்.

எனக்கோ அந்தக் கறுப்புப் பட்டி உறுத்தியது. அதைக் கண்டதும் படம் என்று தெரிந்துவிடுமே! தெரிந்த பிறகு யார் நின்று வாசிப்பார்கள்? முதல் நாள் பட்டி இல்லாமல் விடுவோம், மறுநாள் பட்டியோடு விடுவோம் என்று ரமணனிடம் சொன்னேன்.

"அங்கிளிட்டச் சொன்னனியா?" என்று அவன் கேட்டான்.

"ஓம், சொன்னனான்," என்றேன். சொல்லவில்லை... முதல் பொய் அது. அப்போது அது பொய் என்றுகூட உறைக்கவில்லை.

முதல் நாள் காலையில் பட்டி இல்லாத அறிவித்தலை வட்ஸ்அப்பில் விட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒட்டக் கூடாது என்று மட்டும் கவனமாக இருந்தோம். அங்கே அவரை எல்லோருக்கும் தெரியும். என்ன மூடத்தனம்! வட்ஸ்அப்புக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் வேறு வேறா?

மத்தியானத்துக்குள் அழைப்புகள் வரத் தொடங்கின. எங்கள் பிளாட்டில் நண்பர்கள் கூடியிருந்தோம்; ரமணன் மட்டும் அச்சகத்தில் நின்றான். மேசையில் ரோல்ஸும் பிளேன்ரீயும். ஒவ்வோர் அழைப்புக்கும் முகத்தைத் தொங்கவைத்துக்கொண்டு, "ஓம், ஆள் மோசம் போயிட்டார். மிச்சம் நாளைக்கு அறிவிப்பம்," என்பேன். வைத்ததும் எல்லோரும் சிரிப்போம். அழைத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வகுப்புக்காரர்களே. அவர்களும் நடித்தார்கள், நானும் நடித்தேன்.

பிறகு ஒரு பெண் அழைத்தாள். தமிழில் சிங்கள இழுவை இருந்தது.

"இது சூசைப்பிள்ளை வீட்டு நம்பரா?"

"ஓம்."

"நோட்டீஸ் பார்த்தனான்... உண்மையா?"

"ஓம்."

"நான் அவர்ட மகள் கதைக்கிறன்."

அவருக்குப் பிள்ளைகள் இல்லையே! இது யாரோ என்னை மடக்கப் பார்க்கும் விளையாட்டு என்று எண்ணினேன். தோற்க எனக்கு மனமில்லை. நண்பர்கள் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மிகத் தாழ்ந்த குரலில், "என்னைத் தேடினவரா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "கடைசி வரைக்கும் உங்களைத்தான் தேடினவர்."

மறுமுனையில் எழுந்த அழுகையை நான் கேட்டேன். அது நடிப்பல்ல... அப்படி ஒருவராலும் நடிக்க முடியாது. அது எனக்கு அப்போதே தெரிந்ததா? தெரிந்தது. ஆம், தெரிந்தது. இவ்வளவு காலமும் தெரியவில்லை என்றே எனக்கு நானே சொல்லி வந்தேன். அந்த அழுகையின் நடுவே அழைப்பைத் துண்டித்தேன். திரும்ப எடுத்திருக்கலாம். இலக்கம் கையிலேயே இருந்தது. "என்னடி, ஆரது?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆரோ பகிடி விடுதுகள்," என்று சொல்லி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

அன்று பின்னேரமே ரமணனும் நானும் அச்சடித்த சுவரொட்டிகளை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சூசை அங்கிள் தமக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். சந்தின் வாயில் ஓர் ஓட்டோ நின்றது. சனம் கூடியிருந்தது.

அவர் வாசற்படியில் பெனியனும் சாரமுமாக நின்றார். எதிரே வெள்ளைச் சேலையில் ஒரு பெண். கையில் மலர்வளையம். அவள் பின்னால் ஓர் ஆண், அவன் தோளில் ஒரு சிறு பிள்ளை. சந்துக்காரர்களின் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன். அவள் றெஜினா, அவருடைய ஒரே மகள். சிங்களப் பையன் ஒருவனை மணந்து களனிக்குப் போனவள். அன்றிலிருந்து அவர் அவளைப் பிள்ளை என்று சொல்வதில்லையாம். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டந்தான் தூரம்; அதை இருவரும் கடக்கவில்லை.

"செத்த வீட்டுக்கு வந்தனியோ?" என்று அவர் கேட்டார். ஏரோதுக்குக் கொடுத்த குரல் அல்ல அது. மிக மெல்லிய குரல். "படத்துக்கு அடிச்ச நோட்டீஸைக் கண்டவுடன பெட்டிக்குள்ள கிடப்பன் எண்டு ஓடி வந்திட்டாய், என்ன?"

"இல்லையப்பா. நம்பருக்கு எடுத்துக் கேட்டுட்டுத்தான் வந்தனான். ஒரு பொம்பிளை கதைச்சவ. நீங்க என்னைத் தேடினது எண்டு சொன்னவ..."

"நான் உன்னைத் தேடினனானாம்?" அவர் தலையைத் திருப்பினார். கூட்டத்தில் என்னைக் கண்டார். "மகள், அது உங்கட நம்பர்தானே. இவள் எடுத்தவளோ?"

இப்போது சொல்லுங்கள்... நீங்கள் என் இடத்தில் நின்றிருந்தால்? ஒரு நொடி அவகாசம். சந்து முழுவதும் என்னைப் பார்க்கிறது. பக்கத்தில் ரமணன், அவனிடம் நான் சொன்ன பொய். கையில் சுவரொட்டிச் சுருள். நடந்ததைச் சொன்னால் அறைதான் விழும், படமும் போகும், இறுதி ஆண்டும் போகும் என்று நினைத்தேன். அறை விழுந்திருந்தால் நல்லது. அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லை அங்கிள்," என்றேன். "அப்படி ஒரு கோலும் வரேல்லை."

றெஜினா என்னைப் பார்த்தாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த மலர்வளையத்தைப் படியில் வைத்தாள். எதைச் சொன்னாலும் எடுபடாது என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

"பொய் கதைக்கவும் பழகிட்டாய்," என்றார் அவர். "செத்தாத்தான் வருவாய் எண்டால், நான் செத்துப்போனன் எண்டே வைச்சுக்கொள்."

கதவு சாத்தப்பட்டது. "யமு, றெஜினா... யமு," போவோம் வா என்று சிங்களத்தில் சொல்லி அவள் கணவன் கையைப் பிடித்து ஓட்டோவுக்கு அழைத்துப் போனான். மலர்வளையம் படியிலேயே கிடந்தது.

படம் திரையிடப்பட்டது. மண்டபம் நிறைந்தது. சுவரொட்டியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். சூசை அங்கிள் முன்வரிசையில் அமர்ந்து தம் சாவைத் தாமே பார்த்தார், கை தட்டவில்லை.

என்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்கக் கூடாதா! ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அழைப்பார், போவேன். கேக் வெட்டித் தருவார். தந்துவிட்டு, எங்கோ பார்த்தபடி சொல்வார்: "ஒரு கோல் எடுத்திருக்கலாம் மகள். அப்பா இருக்கிறாரோ எண்டு ஒரு கோல். அதை எடுக்காமலே எடுத்தனான் எண்டு சொன்னாள் பாருங்கோ, அதுதான் எனக்கு ஆறுதில்லை."

எடுத்தவள் அங்கிள்... அவள் எடுத்தவள். அழுதவள். நீங்கள் தேடினீர்களா என்று கேட்டவள்.

இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு தலையாட்டினேன். சொன்னால் நத்தாருக்கு என்னை அழைக்க மாட்டார் என்று பயந்தேன். இன்னொருத்தியின் தகப்பனை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்! இதைவிடக் கேவலம் உண்டா?

போன மாதம் அவர் இறந்தார். நித்திரையிலேயே போய்விட்டார்.

காலையில் பிலோமினா அன்ரி அழைத்தார். "பிள்ளை, அந்தப் படத்துக்கு அடிச்ச நோட்டீஸ் இருக்குத்தானே? அதையே போடுங்கோ. அண்ணருக்கு அந்தப் போட்டோதான் விருப்பம். உங்கட நம்பரே கிடக்கட்டும், எனக்குக் கதைக்க ஏலாது."

மடிக்கணினியோடு கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்தேன். எல்லாம் தயாராக இருந்தது. கறுப்புப் பட்டியை நீக்கினேன், இரண்டாவது தடவையாக. அடக்கம் செய்யும் நாளை எழுதினேன்.

"றெஜினாட பேரையும் போடுங்கோ," என்றார் அன்ரி. "அவர் இருக்கேக்க விடேல்லை. இப்ப ஆர் தடுக்கிறது... ஆனா அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது பிள்ளை? நம்பர் ஒருத்தரிட்டயும் இல்லை. களனியில எங்க எண்டும் தெரியாது."

என்னிடம் இருந்தது. அன்று பதிந்துகொண்ட இலக்கம். கொடுத்திருந்தால், "உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?" என்று அன்ரி கேட்டிருப்பார். நான் கொடுக்கவில்லை. அறிவித்தலை முடித்தேன். "றெஜினாவின் பாசமிகு தந்தையும்" என்று வெறுமையாக விட்டிருந்த இடத்தில் எழுதினேன். பிறகு அதை நானே, ஒருவரும் அறியாமல், அந்த இலக்கத்துக்கு அனுப்பினேன்.

உடனேயே பதில் வந்தது.

"இந்தமுறை என்ர பேரையும் போட்டிருக்கிறீங்கள். இது என்ன படம்?"

"இது உண்மை" என்று எழுதினேன். அன்றும் உண்மை என்றுதானே சொன்னேன்? அழித்தேன். "அன்றைக்குக் கதைத்தது நான்தான், மன்னியுங்கள்" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அழைத்துப் பேசலாம் என்றால், அவள் கேட்கப்போவது அதே குரலைத்தான். அன்ரியைப் பேச வைத்திருக்கலாம்... வைத்திருக்கலாம்! அன்ரி பக்கத்து அறையில்தான் இருந்தார்.

சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். பிள்ளைகள் இருந்தால் முதலில் மண் போடுங்கள் என்றார் சுவாமியார். ஒருவரும் முன்னே வரவில்லை. பிலோமினா அன்ரி என் முதுகில் கை வைத்தார்.

"நீங்க போடுங்கோ பிள்ளை. உங்களைத்தானே மகள் எண்டு கூப்பிட்டவர்."

போட்டேன். றெஜினாவின் கைக்கு உரிய மண்ணை என் கையால் அள்ளிப் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கிழவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அவளுடைய கேள்வி என் கைபேசியில் பதில் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. அவளைப் பொறுத்தவரை அவர் இன்னும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பெனியனும் சாரமுமாக, கோபத்தோடு இருக்கிறார். தகப்பன் மேல் எந்தப் பிள்ளைதான் எந்நாளும் கோபமாக இருக்கும்? ஒருநாள் அவளுக்கு மனம் ஆறும். அன்றைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு களனியில் பஸ் ஏறுவாள்.