எல்லா இடத்திலும் ஐந்து வருஷம்

ரக்பி ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஆதிஃப் ஒரு மூலையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டில் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றுவான். பல்லால் கடித்துக் கிழிப்பான். ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, அன்றைய ஜெர்சி எண்ணைப் பேனாவால் அதில் எழுதுவான். இரண்டு என்றால் விங், மைதானத்தின் ஓரம். நான்கு என்றால் சென்டர், அதற்கு உள்பக்கம். ஆறு என்றால் ஸ்டாண்ட்-ஆஃப், பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன். ஓடுகிற ஓட்டத்தில் தான் இன்றைக்கு யார் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளத்தான்.

சந்தேகத்துக்கு மூலகாரணம் நஞ்சுண்டன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரே அபார்ட்மென்ட். பேங்க் ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் ஆதிஃப் வேலையின்றிச் சும்மா பென்ச்சில் இருந்தான். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் ரக்பி லீக் கிளப் ஒன்று பின்வரிசைக்கு ஆள் தேடியது. ஆதிஃபுக்குத் தெரிந்தது ஆம்பூரில் ஆடிய கபடி மட்டும். நஞ்சுண்டன், கோயம்புத்தூர்க்காரர், ரெஸ்யூமே தயாரிப்பதில் பேர்போனவர். கிளப்பின் ஃபார்மையும் அவரே நிரப்பினார்.

"எந்த எடத்துல ஆடுனேன்னு கேக்கறான் தம்பி. விங்கு அஞ்சு வருசம், சென்டர் அஞ்சு வருசம், ஸ்டாண்ட்-ஆஃப் அஞ்சு வருசம்..."

"அண்ணா, எனக்கே இருபத்திமூணு வயசுதான்!"

"எல்லாத்தையும் ஒரே சமயத்துல பண்ணுனேன்னு சொல்லு. யாரு கூட்டிப் பாக்கப் போறா? கையெழுத்தப் போடு."

படிக்காமலே போட்டான்.

முதல் வாரம் விங். மன்ஹாட்டன் ரயிலில் நின்றபடியே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். பிடிப்பதற்குக் கபடி கைகொடுத்தது. கணுக்காலில் விழுகிற கை யாருடையது என்று எதிராளி தரையில் கிடந்துதான் தேட வேண்டும். சென்டர் ஆடுகிறவனுக்குத் தோள்பட்டை இறங்கியது. "நம்ம ஆதிஃப் அஞ்சு வருஷம் ஆடியிருக்கானே" என்றார் இங்கிலாந்துக்காரர் கோச் டாப்சன். மறுபடி ரயில், மறுபடி வீடியோ. ஸ்டாண்ட்-ஆஃப் ஆடுகிறவன் சீசன் நடுவில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனான். அந்த இடத்துக்கும் ஆதிஃப்தான். ஒரே ஆட்டத்தில் மூன்று இடம் மாறி, டேப்பில் அடித்தடித்து எழுதிய நாளும் உண்டு.

அவன் ஆசைப்பட்டதோ ஒன்றாம் எண்ணுக்கு. ஃபுல்பேக். எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்று, மொத்த மைதானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கெங்கோ அனுப்பிய டாப்சன் அங்கே மட்டும் ஒருநாளும் அனுப்பவில்லை.

போன சீசனில் முழங்கால் கைவிட்டது. இறுதி ஆட்டத்தோடு போதும் என்றார் டாக்டர். அந்த வாரம் பார்த்து ஃபுல்பேக், ஸ்டாண்ட்-ஆஃப் இரண்டு பேருக்கும் அடி. பட்டியலில் ஆதிஃபுக்கு ஆறு. ஒன்றாம் எண் ஒரு புதுப்பையனுக்கு. ஆதிஃப் நேராக டாப்சனின் அறைக்குப் போனான்.

"கோச், இங்க வர்றதுக்கு முன்னாடி நான் ஸ்டாண்ட்-ஆஃப் ஆடினதே இல்ல. ஃபார்ம்ல எழுதினது பொய்."

டாப்சன் அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். "விங்?"

"பொய்."

"சென்டர்?"

"அதுவும்."

"அடப்பாவி! ஏதாவது ஒண்ணு உண்மையா?"

"ஃபுல்பேக்" என்றான், கண் சிமிட்டாமல். "அது மட்டும் சத்தியமா அஞ்சு வருஷம்."

டாப்சன் ஃபைலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றாம் எண் ஜெர்சியை அவன் முகத்தில் வீசினார்.

கடைசி நிமிஷத்தில் எதிரணி ராட்சசன் ஒருவன் பந்தோடு எல்லாரையும் தாண்டி வந்தான். எதிரே ஆதிஃப் ஒருத்தன்தான். அதே கணுக்கால், அதே கை. இரண்டு பாயின்ட்டில் ஜெயித்தார்கள்.

பிரிவு விருந்தில் டாப்சன் அந்த ஃபார்மைக் கவரில் போட்டுக் கொடுத்தார். ஆதிஃப் அதை வீட்டுக்கு வந்துதான் பிரித்தான். எல்லாக் கட்டத்திலும் டிக், ஐந்து வருஷம். ஃபுல்பேக் கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

நஞ்சுண்டனுக்குப் போன் போட்டான்.

"ஆமா தம்பி, அத நாந்தான் விட்டுட்டேன்" என்றார் அவர். "எல்லாருக்கும் பின்னால சும்மா நிக்கற வேலைன்னு நெட்டுல போட்டிருந்துச்சு. பென்ச்சுல இருந்தத எவனாச்சும் ரெஸ்யூமேல போடுவானா?"